கொத்துக்கடலையா, கொடிக்கடலையா?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இளம் பால்மர (ரப்பர்) நிரைகளுக்கு நடுவிலோ வீட்டுக் கொல்லையிலோ நிலக்கடலை போட நினைப்பவர், உரத்தைப் பற்றி விசாரிப்பதற்கு முன், வாங்கப்போகும் விதை கொத்து வகையா கொடி வகையா என்று கேட்டுக்கொள்வது நல்லது. பூ எந்தக் கணுவில் வரும், நிலம் எத்தனை நாள் பிடிபட்டிருக்கும் என்பவற்றைப் பெரும்பாலும் செடி கிளைவிடும் முறையே தீர்மானிக்கிறது.

கொத்து வகையின் நடுத்தண்டிலேயே பூ வரும். பக்கக் கிளைகளிலும் பூக்கணுக்கள் அடுத்தடுத்து அமையும். கொடி வகையின் நடுத்தண்டிலோ பூவே இராது. அதன் கிளைகளில் இரண்டு கணுக்கள் துணைக்கிளை விட்டால் அடுத்த இரண்டு கணுக்கள் பூ விடும் என மாறி மாறிச் செல்லும். ஆகவே முன்னது விதைத்து ஒரு மாதத்திற்குள் பூக்கத் தொடங்கி, ஏறத்தாழ 90 முதல் 110 நாளில் அறுவடைக்கு வந்துவிட, பின்னது கிளைகளைப் பரப்பிக்கொண்டு, பூப்பதையும் நீட்டித்து, 120 நாளுக்கு மேலும் நிலத்தில் நிற்கும்.

பூ எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதும் கவனிக்க வேண்டியது. கருவுற்ற பூவின் அடியிலிருந்து இறங்கும் விழுது மண்ணுக்குள் புகுந்தால்தான் காய் பிடிக்கும். தரையிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் தோன்றும் விழுதுகள் பெரும்பாலும் பாதி வழியிலேயே காய்ந்துவிடும். நிமிர்ந்து வளரும் கொத்துச் செடிக்கு மண் அணைப்பது இதனால்தான் பலன் தருகிறது. தரையோடு படரும் கொடிக்கு விழுது இறங்கும் தொல்லை இல்லையென்றாலும், காய்கள் பரந்து சிதறியிருப்பதால் செடியைப் பிடுங்கும்போது பல காய்கள் மண்ணிலேயே தங்கிவிடும். வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர் கொத்து வகைக்குப் போதும். கொடிக்கு 45 சென்டிமீட்டராவது வேண்டும். பால்மரக் கன்றின் அடிவரை படர்ந்து வேலைக்கு இடைஞ்சல் செய்வதும் கொடிதான்.

இதுவரை பார்த்தால் கொத்து வகைக்கே என் வாக்கு. ஆனால் நம் ஊர் மழை அந்தக் கணக்கைக் குலைக்கக்கூடியது. கொத்து வகை விதைக்குப் பொதுவாக உறக்கக் காலம் கிடையாது; முற்றிய பின் ஈர மண்ணில் சில நாள் விட்டுவைத்தாலே காய்க்குள் முளை கிளம்பிவிடும். கொடி வகை விதை பல வாரங்கள் உறங்குமாதலால், மழை வெறிக்கும்வரை காத்திருக்க இடமுண்டு. (சில வார உறக்கமுள்ள கொத்து இரகங்கள் இந்தியாவில் உருவாக்கப்பட்டுள்ளன, அத்தகைய விதை கிடைத்தால் விட வேண்டாம்.)

தட்டைப்பயற்றினத்திலும் இதே பிரிவு உண்டு: குத்துச்செடி ஒருசேரப் பூத்துச் சீக்கிரம் ஓயும், பந்தலேறும் பயத்தங்காய் பல வாரம் காய்த்துக்கொண்டே இருக்கும். வீட்டுச் சமையலுக்குப் பின்னதே தோது.

நிலக்கடலையைப் பொறுத்தவரை, மார்ச் நடுவில் விதைப்பவர் கொத்து வகையைத் தயங்காமல் எடுக்கலாம்; ஏப்ரல், மே மழை பூவுக்கும் விழுதுக்கும் உதவ, அறுவடை ஜூன் மாத இறுதியில், மழை குறைந்த நாட்களில் வரும். ஆகஸ்டில் விதைத்தால் கொத்து வகை முற்றுவது நவம்பர் மாத அடைமழையில். அப்போது கொடி வகையே பாதுகாப்பானது.