உறைபனியைத் தாங்கும் பேசில் விதை: விளம்பரத்தை நம்பி வாங்க வேண்டாம்

குளிர்ப் பகுதிகளில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களைக் குறிவைத்து, உறைபனியிலும் பட்டுப்போகாமல் ஆண்டுக்கணக்கில் நிற்கும் 'ஆப்பிரிக்கன் ப்ளூ' பேசிலின் (துளசி இனத்து மணமூலிகை) விதை என்று ஒரு விளம்பரம் இணையத்தில் உலவுகிறது. அதை வாங்கி ஏமாற்றப்பட்டவர்களில் நானும் ஒருவன் என்பதால், நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன்.

அந்தப் பெயரில் விதை விற்பதே முதல் மோசடி. ஆப்பிரிக்கன் ப்ளூ என்பது, 1983ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து நாற்றுப்பண்ணை ஒன்றில், ஊதா இலை கொண்ட டார்க் ஓபல் வகையும் கற்பூர மணமுள்ள ஆப்பிரிக்க வகையும் தற்செயலாகக் கலந்ததில் கிடைத்த மலட்டுச் செடியாகும். கொத்துக் கொத்தாகப் பூத்துத் தேனீக்களை வரவழைக்குமே தவிர, அது முளைக்கும் விதையைத் தராது. தண்டை வெட்டி வேர்பிடிக்க வைத்துத்தான் அதைப் பெருக்க முடியும். பல்லாண்டுச் செடி என்பது உண்மைதான் என்றாலும், அது உறைபனி விழாத இடங்களுக்கு மட்டுமே பொருந்தும். விளம்பரம் அந்த நிபந்தனையை வசதியாக மறைத்துவிடுகிறது.

வந்தவை பேசில் விதைகள்தான். நனைத்த சில நிமிடங்களில், பேசில் விதைக்கு வழக்கமானபடி, ஒவ்வொன்றையும் சுற்றி வழவழப்பான வெண்படலம் திரண்டது. ஒழுங்காக முளைக்கவும் செய்தன. ஆனால் வளர்ந்தவை எங்கும் கிடைக்கும் சாதாரண பேசில் செடிகள்: கிண்ணம்போல் குவிந்த பளபளப்பான பச்சை இலைகள், தண்டிலோ நரம்பிலோ ஊதாவின் சாயல்கூட இல்லை. படம் எடுத்து அனுப்பியபோது, வெயில் கூடக்கூட நிறம் ஏறும் என்று விற்பனையாளர் பதில் எழுதினார். இலையுதிர் காலத்தில் ஓர் இரவு வெப்பநிலை 4 பாகைக்கு இறங்கியது. அது உறைபனிகூட இல்லை. காலையில் இலைகள் நீர் கோத்ததுபோல் கண்ணாடித் தன்மையுடன் தொங்கின, மாலைக்குள் கறுத்துவிட்டன. பத்துப் பாகைக்குக் கீழே போனாலே பேசிலின் இலை பாதிக்கப்படும் என்பதால் இதில் வியப்பில்லை. இதைச் சொன்னபோது விற்பனையாளரிடமிருந்து வந்த பதில், செடியை அடியோடு வெட்டி வைக்கோல் மூடாக்கு போட்டால் வசந்தத்தில் வேரிலிருந்து துளிர்க்கும் என்பது. வசந்தத்தில் கிளறிப் பார்த்தபோது அழுகிய வேர்தான் இருந்தது. பணம் திரும்பக் கேட்பதற்கான கெடுவும் எப்போதோ முடிந்திருந்தது.

இந்த வியாபாரத்தின் சூட்சுமம் அந்தக் கெடுவில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். குளிர்காலத்தில் விதை வாங்குகிறவர் கடைசி உறைபனி கழிந்த பிறகே செடியை வெளியே நடுகிறார். அது குளிரைத் தாங்குமா என்பது அடுத்த இலையுதிர் காலத்தில்தான் தெரியும். விளம்பரத்தின் கீழிருந்த ஐந்து நட்சத்திர மதிப்புரைகளை மறுபடி படித்துப் பார்த்தேன். பொட்டலம் விரைவாக வந்தது, விதை நன்றாக முளைத்தது என்பதைத் தாண்டி, குளிர்காலத்தைக் கடந்த செடியைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

உண்மையான ஆப்பிரிக்கன் ப்ளூ வேண்டுமென்றால், தண்டு நட்டு வேரூன்றிய கன்றாக மட்டும் வாங்குங்கள். அந்தக் கன்றானாலும் சாதாரண பேசிலானாலும், குளிர்ப் பகுதியில் அதைக் காப்பாற்ற எளிய வழி இது: இரவுகள் குளிரத் தொடங்குவதற்கு முன்பே, பூக்காத கிளை நுனிகளைக் கணுவுக்குக் கீழே வெட்டித் தண்ணீரில் வேர்விட வைத்து, வெளிச்சமுள்ள ஜன்னலோரம் வீட்டுக்குள் வளர்ப்பது. ஜன்னல் கண்ணாடியில் இலை ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தக் குளிரிலும் கறுத்துவிடும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் விளம்பரப் பக்கத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் புகார் அளித்த பிறகு, 'உறைபனியைத் தாங்கும்' என்றிருந்த வரி சத்தமில்லாமல் 'மிதமான குளிருக்கு ஏற்றது' என்று மாற்றப்பட்டது. பழைய வரியைக் காட்ட என்னிடம் ஆதாரம் இருந்ததால்தான் கார்டு கொடுத்த வங்கி என் புகாரை ஏற்றுக்கொண்டது.