பாம் ஸ்பிரிங்ஸில் ஒரே ஒரு காலை: ரோப் காரா, பனைப் பள்ளத்தாக்கா?

கலிஃபோர்னியாவின் பாலைவன ஊரான பாம் ஸ்பிரிங்ஸில் நீச்சல் குளத்தை விட்டு எழ மனம் வந்தால், போக இரண்டு இடங்கள் உண்டு.

ஒன்று, 1963-ல் தொடங்கிய ரோப் கார். சுமார் 2,640 அடியில் ஏறினால் பத்தே நிமிடத்தில் 8,516 அடி உயரத்தில் இறக்கிவிடும். பெட்டியின் தரை மெல்லச் சுழல்வதால் ஜன்னலோரத்துக்கு அடித்துக்கொள்ள வேண்டியதில்லை. கீழே கள்ளிச்செடி, மேலே பைன் மரம். கீழே வியர்த்ததை நம்பி ஸ்வெட்டரை விட்டுவிட்டுப் போனால் நடுங்க வேண்டியதுதான். குளிர்காலத்தில் பனிகூடக் கிடக்கும்.

இன்னொன்று, ஊருக்குத் தெற்கே இந்தியன் கேன்யன்ஸ் என்ற பள்ளத்தாக்குகள். அகுவா காலியன்டே கவீயா பழங்குடியினரின் நிலம்; நுழைவுச் சீட்டும் அவர்களிடம்தான் வாங்க வேண்டும். அங்குள்ள பாம் கேன்யனில் ஓடையை ஒட்டி விசிறி ஓலைப் பனைகள் தோப்பாக நிற்கின்றன. காய்ந்த ஓலைகள் உதிராமல், பாவாடை கட்டியதுபோல் மரத்தைச் சுற்றித் தொங்குகின்றன. அடியில் நின்றால், காற்றடிக்கும்போது சரசரவென்று ஒரு சத்தம். அதற்காகவே போகலாம்.

முட்டிவலிக்காரர்கள் கூட இருந்தால் ரோப் கார். கோடை என்றாலும் அதேதான். அந்த வெயிலில் பள்ளத்தாக்கில் நடக்க முடியாது. டிசம்பர், ஜனவரி என்றால் என் ஓட்டு பனைகளுக்கே. சரி, தண்ணீர் பாட்டிலை மட்டும் மறக்காதீர்கள்.