துப்பியதற்கும் ஒரு கட்டம்: குழந்தை உணவுச் செயலியுடன் 14 மாதங்கள்

சிறு குழந்தைகளுக்கு நல்ல உணவுப் பழக்கத்தை ஏற்படுத்தப் பெற்றோருக்கு வழிகாட்டும் இணையச் சேவை ஒன்றுக்கு 14 மாதங்களாகச் சந்தா கட்டி வருகிறேன். கடந்த வாரம் சந்தாவைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்த தோழி ஒருத்தி, இரண்டு வயது மகனுக்குச் சோறூட்ட முடியாமல் அல்லாடுபவள், 'சேரலாமா?' என்று கேட்டிருந்தாள். ஒரு வரியில் பதில் சொல்ல முயன்றேன்; கை வரவில்லை. வாராந்தரப் பாடங்கள், உணவுப் பதிவேடு, உணவியல் நிபுணருக்குக் கேள்வி அனுப்பும் வசதி ஆகியவை விளம்பரத்திலேயே இருப்பதால் அவற்றை விவரிக்கப் போவதில்லை.

நான் சேர்ந்தபோது மகளுக்கு இரண்டேகால் வயது. புதிய உணவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பருவம் அது. இரண்டிலிருந்து ஆறு வயது வரை இந்தத் தயக்கம் உச்சத்தில் இருக்கும் என்பதே எனக்கு அங்குதான் தெரிய வந்தது. ஒரு காயைக் குழந்தை ஏற்றுக்கொள்வதற்கு முன் 8 முதல் 15 முறை வரைகூட அதை வைத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம் என்று பாடத்தில் படித்தபோது, மூன்றாவது முறையிலேயே 'இவளுக்குப் பிடிக்காது' என்று தீர்ப்பெழுதி நான் கைவிட்ட காய்களெல்லாம் நினைவுக்கு வந்தன. பதிவேட்டில் ஒவ்வொரு காய்க்கும் எதிரே 'பார்த்தாள், தொட்டாள், முகர்ந்தாள், நக்கினாள், துப்பினாள், விழுங்கினாள்' என்று ஆறு கட்டங்கள் இருக்கின்றன. துப்பியதற்கும் ஒரு கட்டம் ஒதுக்கிய அந்த முகம் தெரியாத மனிதருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். பீன்ஸை 11ஆவது முறை தட்டில் வைத்த அன்று, அவள் அதை முன்பற்களால் கடித்து, வெளியே எடுத்து, பிளந்த தோலுக்குள் இருந்த விதைகளை ஒவ்வொன்றாக நோண்டித் தட்டின் விளிம்பில் வரிசையாக அடுக்கி, கடைசியில் ஒரே ஒரு விதையை வாயில் போட்டு மென்றாள். ஆறாவது கட்டத்தைத் தொடும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது என்றால் சிரிப்பீர்கள்.

நிபுணரும் சோடை போகவில்லை. மகள் எதையும் சாப்பிடுவதில்லை என்று புலம்பி எழுதியதற்கு, 'பால் எவ்வளவு குடிக்கிறாள்?' என்று மட்டும் கேட்டார். சாப்பிடாத குறையை நான் பாலை ஊற்றி ஈடுகட்டிக்கொண்டிருந்தேன். பசும்பால் அளவு மீறினால் பசியும் மந்தமாகும், இரும்புச்சத்துக் குறைவும் வரும் என்று விளக்கி, நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டாம் என்றார். பிறந்த எடை முதல் ஆண்டில் ஏறத்தாழ மூன்று மடங்காகிவிடுவதையும், இரண்டாம் ஆண்டில் கூடுவது இரண்டு, இரண்டரை கிலோதான் என்பதால் பசி இயல்பாகவே குறைவதையும் அவர் சொன்ன பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. பாலைக் குறைத்த இரண்டாவது வாரத்தில் அவளாகவே தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

இனி, இந்தச் செயலியில் என்னை வாட்டும் மணியோசை. எதை, எப்போது, எங்கே கொடுப்பது என்பது பெற்றோர் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு என்று அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர் வகுத்த முறைதான் இந்தச் சேவையின் அடித்தளம் என்று முதல் பாடத்திலேயே சொல்கிறார்கள். சொல்லிவிட்டு, தினமும் இரவு எட்டு மணிக்கு மணியடித்து, 'இன்று எத்தனை ஸ்பூன் காய்?' என்று கேட்கிறார்கள். எண்ணைப் போடாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. விடாமல் பதிந்தால் திரையில் ஒரு செடி வளரும். ஒரு நாள் விட்டால் வாடும். காய் சாப்பிட்டால் இனிப்பு தருகிறேன் என்று பேரம் பேசாதீர்கள், அதனால் இனிப்பின் மதிப்புத்தான் கூடும் என்று எனக்குப் பாடம் நடத்துகிறவர்கள், எனக்கே ஒரு செடியை லஞ்சமாக நீட்டுகிறார்கள். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்: நாலை ஐந்தாக்குவதற்காக, போதும் என்று தலையசைத்த குழந்தையின் வாயருகே இன்னொரு ஸ்பூனை நான் நீட்டியிருக்கிறேன், ஒரு முறை இரு முறையல்ல. அந்த ஓசை கேட்டதும் அவள் உதடுகளை இறுக்கிக்கொள்ளத் தொடங்கியபோதுதான் எனக்கு உறைத்தது. மணியை நிறுத்தினால் நிபுணரின் பதில் வந்த அறிவிப்பும் சேர்ந்து நின்றுவிடுகிறது. மூன்று முறை புகார் எழுதினேன். மூன்று முறையும் நன்றி தெரிவித்தார்கள்.

எடை குறைந்த குழந்தையை மருத்துவர் சொல்லிக் கண்காணிக்கும் பெற்றோருக்கு இந்த எண்ணிக்கை தேவைப்படலாம், மறுக்கவில்லை. ஆனால் போன மாதம் மகள் நான்கு நாள் காய்ச்சலில் கிடந்தாள். அவளுக்கு 102 டிகிரி; செயலிக்கோ 212 நாள் வளர்ந்த செடி வாடிவிட்ட கவலை. 'மனம் தளராதீர்கள், மீண்டும் தொடங்குங்கள்!' என்று இரவு எட்டு மணிக்கு வந்த செய்தியைப் படித்த அன்றே இந்தப் பதிவின் பாதியை மனத்துக்குள் எழுதிவிட்டேன்.

ஆகவே இரண்டு நட்சத்திரம், அதற்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது. தோழியிடம், ஒரு மாதம் மட்டும் சேர்ந்து, பாடங்களை முழுக்கப் படித்து, நிபுணரிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு வெளியேறிவிடு என்று சொல்லியிருக்கிறேன். நானோ நேற்று இரவு இன்னோர் ஆண்டுக்குப் புதுப்பித்துவிட்டேன். பீட்ரூட் இப்போது ஒன்பதாவது முறை, நக்கிப் பார்த்திருக்கிறாள்.