தண்டையார்பேட்டை வீட்டில் பழம் போட்ட ஓட்ஸ் பேக்: இரண்டரை வருட அனுபவம்

எங்கள் வீட்டில் ஐந்து பேரும் ஒன்றாக உட்கார்ந்து காலை டிபன் சாப்பிடுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மனைவி நர்ஸ், காலை டியூட்டி என்றால் ஆறே காலுக்கே கிளம்பிவிடுவார். மகளுக்கு ஏழரைக்கு ஸ்கூல் வேன். மகன் தண்டையார்பேட்டையில் மெட்ரோ பிடித்துக் கல்லூரிக்குப் போக எட்டரை ஆகும். அம்மா குளித்து, சாமி கும்பிட்டு, ஒன்பது மணிக்குத்தான் சாப்பிட உட்காருவார். நான் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதால் டிபன் என் பொறுப்பு. ஒரே காலையில் நான்கு தடவை தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றி இறக்கிச் சலித்துப்போய்த்தான், ஓட்ஸையும் பாலையும் பழத்தையும் டின்னில் போட்டுச் சுடும் இந்த ஓட்ஸ் பேக் பக்கம் வந்தேன்.

இட்லி தோசையை விட்டுவிடவில்லை. வாரத்தில் இரண்டு நாள், பெரும்பாலும் செவ்வாயும் வியாழனும், மாவு தீர்ந்துபோகும் நாட்களில் இது. ஒரு டின்னில் ஆறு துண்டு. அவரவர் கிளம்பும் நேரத்துக்கு ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம். மிச்சமிருக்கும் ஒன்றுக்குச் சாயங்காலம் பிள்ளைகளுக்குள் சண்டை.

முதல் தடவை செய்தபோது அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "என்னடா இது, கேக்கும் இல்ல, களியும் இல்ல" என்றார். அன்றைக்கு அவர் சொன்னது சரிதான். வெந்தய நிறத்தில் மேலே காய்ந்து, நடுவில் கொழகொழவென்று இருந்தது. தப்பு ஓட்ஸில். அண்ணாச்சி கடைகளில் சுலபமாகக் கிடைப்பது மூன்று நிமிடத்தில் வேகும் மெல்லிய ஓட்ஸ். அது பாலைப் பார்த்ததும் கரைந்துவிடும். வேண்டியது ரோல்டு ஓட்ஸ். கெட்டி அவல் மாதிரி முழுத் தட்டையாக இருக்கும். பாக்கெட்டை விரலால் அழுத்திப் பார்த்தாலே தெரியும்: தூளாக நெருநெருவென்றால் வேண்டாம், தகடு தகடாகப் பட்டால் எடுக்கலாம்.

இன்னொன்று, ஓட்ஸில் எண்ணெய்ச் சத்து அரிசி கோதுமையைவிட அதிகம். நம் ஊர் புழுக்கத்தில் திறந்து வைத்தால் காறல் வாடை வந்துவிடும். விலை மலிவு என்று ஒரு கடையில் இரண்டு கிலோ மூட்டையாக வாங்கினேன். பிரித்த அன்றே பழைய எண்ணெய் நாற்றம். மாற்றித் தரமாட்டேன் என்றுவிட்டார்கள். அதிலிருந்து அரைக் கிலோ பாக்கெட், பிரித்ததும் டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜ்.

பல முறை கூட்டிக் குறைத்து நின்ற அளவு இது. ரோல்டு ஓட்ஸ் 200 கிராம், பால் 400 மில்லி, முட்டை ஒன்று, உருக்கிய நெய் இரண்டு டேபிள்ஸ்பூன், நாட்டுச் சர்க்கரை நான்கு டேபிள்ஸ்பூன், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. பட்டைத்தூளுக்குப் பதில் ஏலக்காயும் சுக்கும் தட்டிப் போடுகிறேன். அதைப் போட்ட நாளிலிருந்துதான் அம்மா தட்டை நகர்த்தி வைப்பதை நிறுத்தினார். எட்டு அங்குலச் சதுர டின்னில் நெய் தடவி, அடியில் பாதிப் பழம், மேலே ஓட்ஸ், அதன்மேல் பால் கலவை, கடைசியில் மீதிப் பழமும் ஒரு பிடி உடைத்த வேர்க்கடலையும். 180 டிகிரியில் 40 நிமிடம். ஓரத்தில் நுரை கட்டிக் குமிழ் விடுவது அடங்கி, நடுவில் கைவைத்தால் இட்லி மாதிரி எழும்பி வர வேண்டும். எடுத்தவுடன் வெட்டினால் உதிரும். பத்து நிமிடம் பொறுத்தால் துண்டு துண்டாக நிற்கும்.

ஓடிஜி என்ற சின்ன மின்சார ஓவனை வாங்குவதற்கு முன் ஆறு மாதம் குக்கரில்தான் செய்தேன். அடியில் உப்பைப் பரப்பி, மேலே ஸ்டாண்டு வைத்து, கேஸ்கட்டும் வெயிட்டும் இல்லாமல் மூடி, சிறு தீயில் ஐம்பது நிமிடம். ருசியில் குறையில்லை, மேல்புறம் மட்டும் சிவக்காது. ஓவன் இல்லையே என்று நினைப்பவர்கள் தயங்க வேண்டாம்.

இப்போதிருக்கும் ஓடிஜி 28 லிட்டர், 1600 வாட். சூடேற்றப் பத்து நிமிடமும் சேர்த்தால் ஒரு தடவைக்குக் கிட்டத்தட்ட ஒரு யூனிட். வாரம் இரண்டு முறை என்றால் இரண்டு மாத ரீடிங்கில் பதினேழு பதினெட்டு யூனிட் கூடும். ஒரே ஒரு எச்சரிக்கை: இதைச் சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகாதீர்கள். நான் செருகி, பாக்ஸ் உருகி, சமையலறை முழுக்க பிளாஸ்டிக் வாடை. எங்களுடையது பழைய வீடு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 16 ஆம்பியர் பாயிண்ட் தனியாக இழுத்த பிறகுதான் நிம்மதி. உள்ளே ஒரு ஓவன் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்ததில் 180 என்று திருப்பினால் 160தான் வருகிறது என்று தெரிந்தது. அதனால் 200 பக்கம் வைக்கிறேன். அப்புறம் கடற்காற்று. காசிமேடு பக்கத்தில் இருப்பதால் கம்பித்தட்டு ஒன்றரை வருடத்திலேயே துருப்பிடித்தது. துடைத்துக் காயவைத்து, லேசாக எண்ணெய் தடவி, துணி போட்டு மூடுகிறோம்.

பழத்துக்கு வருவோம், இந்தப் பலகாரத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. வெளிநாட்டுச் செய்முறைகளில் புளூபெர்ரி என்றுதான் இருக்கும். ஒரு சின்ன டப்பா வாங்கும் காசுக்கு இங்கே ஒரு வாரத்துக்குப் பழம் வாங்கலாம். முதலில் வாழையை மசித்துப் போட்டேன். பச்சைப்பழம் நீர்விட்டு, டின்னையே கஞ்சியாக்கிவிடும். தோல் கறுத்துப் புள்ளி விழுந்த பூவன்தான் சரி: லேசான புளிப்பு இருப்பதால் நாட்டுச் சர்க்கரையின் தித்திப்பு திகட்டாது. கற்பூரவள்ளி போட்டால் சர்க்கரையைப் பாதியாக்கலாம். துண்டு துண்டாக வாயில் பட வேண்டும் என்றால் நேந்திரம்; வெந்தாலும் உருக்குலையாது.

மே மாதம் பங்கனப்பள்ளி. இது சாறு விடும், அதனால் பாலில் ஐம்பது மில்லி குறைக்க வேண்டும். துண்டுகளை மேலே மட்டும் அடுக்கினால் ஓரம் சுருங்கி, மாம்பழ ஜாம் மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த ஓரத் துண்டுக்காக மகள் அலாரம் வைத்து எழுந்திருக்கிறாள். பலாச்சுளை வரும் மாதங்களில் நான்கு சுளையைப் பொடியாக நறுக்கி, கொஞ்சம் தேங்காய்த் துருவலோடு போட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டி, "என்ன தம்பி சுடுறீங்க" என்று கேட்டது அன்றைக்குத்தான்.

சப்போட்டா நன்றாக வரும், ஆனால் நிறம் மங்கும். ஆப்பிளைத் தோலோடு பொடியாக நறுக்கினால் போதும். கொய்யா விதை பல்லில் கடிபடுகிறது, மாதுளை காய்ந்து கல்லாகிறது, இரண்டையும் விட்டுவிட்டேன். அன்னாசியை மட்டும் பச்சையாகப் போடாதீர்கள். அதிலிருக்கும் புரோமெலைன் என்ற நொதி பாலின் புரதத்தை உடைத்துக் கசப்பாக்கும். முதல் அன்னாசி டின் முழுவதும் கசந்து, மொத்தத்தையும் கொட்டினேன். மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. வாணலியில் ஐந்து நிமிடம் கொதிக்க வதக்கினால் நொதி செயலிழந்துவிடும், பிறகு தாராளமாகப் போடலாம்.

முட்டை விஷயத்தில் வீட்டுக்கு வீடு வழக்கம் வேறு. எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்கக் கவுச்சி கிடையாது, அந்தக் கணக்கில் முட்டையும் கிடையாது. அப்போது ஒரு டேபிள்ஸ்பூன் ஆளிவிதைப் பொடியை மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்துச் சேர்க்கிறேன். வெண்டைக்காய் மாதிரி வழவழப்பாகி, முட்டை வேலையைப் பார்க்கிறது. துண்டு கொஞ்சம் மிருதுவாக இருக்கும், அவ்வளவுதான்.

அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. ஓட்ஸ்தானே, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று ஆரம்பத்தில் நானே சொல்லியிருக்கிறேன், அது தவறு. ஓட்ஸும் மாவுச்சத்துதான், அதன்மேல் பழமும் வெல்லமும். ஓட்ஸின் நார்ச்சத்தான பீட்டா குளுக்கன் தினம் 3 கிராம் சாப்பிட்டால் இதயநோய் அபாயம் குறையலாம் என்று பாக்கெட்டில் எழுத 1997லேயே அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். ஆனால் 100 கிராம் ஓட்ஸில் அது சுமார் 4 கிராம்தான். எங்கள் துண்டு ஒன்றில் 33 கிராம் ஓட்ஸ், ஆக ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேலே. வாரம் இரண்டு துண்டை மருந்தாக நினைக்க முடியாது. அம்மாவின் மூலையில் மட்டும் சர்க்கரை கலக்காத பாலை ஊற்றி, அடையாளத்துக்கு ஒரு முழு வேர்க்கடலையைக் குத்திவைக்கிறேன். கூடவே ஒரு அவித்த முட்டை அல்லது சுண்டல்.

மனைவிக்குக் காலை டியூட்டி வரும் வாரங்களில் முந்தின இரவே சுட்டுவிடுகிறேன். ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்தாக வேண்டும். பாலும் முட்டையும் சேர்ந்தது, நம் வெயிலுக்கு வெளியே தாங்காது. மூன்று நாள் வரை தைரியமாகச் சாப்பிட்டிருக்கிறோம். காலையில் சுடுவதானால் காய்ந்த பொருட்களைத் தனியாகவும் பால் கலவையைத் தனியாகவும் வைத்துவிட்டு, சுடும்போது சேருங்கள். இரவே கலந்தால் ஓட்ஸ் ஊறிக் கூழாகிறது.

ஃப்ரிட்ஜில் இருந்ததைச் சூடுபண்ண மைக்ரோவேவ் வேண்டாம், ரப்பராகிவிடும். தோசைக்கல்லில் அரை ஸ்பூன் நெய் விட்டு, துண்டைக் கவிழ்த்துப் போட்டு, மிதமான தீயில் இரண்டு நிமிடம். மேலே இருந்த வாழைப்பழம் நெய்யில் பட்டுச் சீறும், நாட்டுச் சர்க்கரை உருகி முறுகும், திருப்பினால் பணியாரத்தின் அடி மாதிரி பழுப்பாக இருக்கும். சுட்ட அன்றைக்கு இருந்ததைவிட மறுநாள் இப்படிச் சாப்பிடுவதுதான் எங்கள் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. ஆறு மணிக்கு டிபன் டப்பாவில் இரண்டாக வெட்டி வைத்துக் கொடுத்தால், மனைவி ஒன்றை ஆட்டோவிலேயே சாப்பிட்டுவிட்டு மற்றதைப் பதினோரு மணி டீயோடு எடுத்துக்கொள்கிறார்.