ஐந்து அங்குல ஸ்டிக் வொர்ம்: ஒரு பருவம் முழுக்க பாஸ் பிடித்துப் பார்த்தேன்

பாக்கெட்டைப் பிரித்து, தூண்டிலில் மாட்டும் இந்த பிளாஸ்டிக் புழுவை முதல்முறை கையில் எடுத்தபோது ஏமாற்றமாகத்தான் இருந்தது. வால் இல்லை, கால் இல்லை, மினுக்கும் தகடு இல்லை. பால்பாயிண்ட் பேனாவை விடக் கொஞ்சம் தடித்த ஒரு பிளாஸ்டிக் துண்டு. இரண்டு முனையும் லேசாகக் கூம்பி, உடம்பு முழுக்க மெல்லிய வளையங்கள். இதைப் பார்த்து எந்த மீன் வரப்போகிறது என்று பெட்டியின் அடியில் போட்டுவிட்டேன். போன பருவத்தில் நான் பிடித்த பாஸில் (நன்னீரில் வாழும் வேட்டை மீன்) பாதிக்கு மேல் வந்தது இந்தப் புழுவில்தான். அதனால் ஆர அமர எழுதுகிறேன். இதோடு சேர வேண்டிய கம்பு, நரம்பு, முள் பற்றியும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவை சரியாக அமையாவிட்டால் இந்தப் புழுவால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இந்த வடிவத்தைப் பாஸ் பிடிப்பவர்களிடையே பரப்பியது இரை தயாரிப்பாளர் கேரி யமமோட்டோவின் சென்கோ என்ற புழு. இன்று ஏறக்குறைய எல்லா மென் இரைக் கம்பெனிகளும் இதே மாதிரி ஒன்றைப் போடுகின்றன. எதை வாங்கினாலும் முதலில் பார்க்க வேண்டியது அதில் இருக்கும் உப்பு. ஒரு புழுவை ஒடித்து, ஒடித்த இடத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள், நறநறவென்று இருக்கும். ஐந்து அங்குலத்தில் ஏறக்குறைய 10 கிராம் கனம் வருவது அந்த உப்பால்தான். ஈயமே கட்டாமல் தூரமாக வீசலாம், ஈயமே கட்டாமல் தானாக மூழ்கும். உப்புச் சுவை பிடித்துப்போய் மீன் வாயிலேயே வைத்திருக்கும் என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். எனக்கு முக்கியம் அது விழுகிற விதம்.

தண்ணீர் தெளிவாக இருந்த ஒரு காலையில், கரையோரம் முழங்கால் ஆழத்தில் நின்றுகொண்டு, புழுவின் நடுவில் முள்ளைக் குத்தி என் காலடியிலேயே விட்டுப் பார்த்தேன். இதற்கு வாக்கி ரிக் என்று பெயர். புழு படுத்த வாக்கில் இறங்கியது. நடுப்பகுதி கீழே போக, இரண்டு முனைகளும் மேல்நோக்கி வளைந்து மெல்ல மெல்லத் துடித்தன. நான் கம்பை ஆட்டவில்லை, நரம்பை இழுக்கவில்லை. தரையைத் தொட்டு அடங்கியதும் கம்பு நுனியை ஒரு சாண் தூக்கினேன், இரண்டு முனையும் சேர்ந்து மடங்கின. விட்டதும் மறுபடி துடித்துக்கொண்டே இறங்கியது. அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. இதில் நாம் செய்ய வேண்டிய வேலை குறைவு. விழ விட வேண்டும், அவ்வளவுதான். பாஸ் பெரும்பாலும் அது விழும்போதே எடுத்துவிடுகிறது.

எடுப்பதும் நாம் நினைக்கிற மாதிரி வெடுக்கென்று இல்லை. பாஸ் வாயைத் திடீரென்று அகலத் திறக்கும், சுற்றியிருக்கும் தண்ணீரோடு இரையும் உள்ளே போய்விடும். ஈயம் இல்லாத மெத்தென்ற புழுவை அப்படி உறிஞ்சும்போது கம்புக்கு ஒன்றும் வந்து சேராமலே போகலாம். ஆரம்பத்தில் நான் கையில் இழுப்பு தெரியும் என்று காத்திருந்து எத்தனையோ மீனை விட்டிருக்கிறேன். என் அண்ணன்தான் ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னான்: “கையில தெரியும்னு காத்திருக்காதடா, நரம்பைப் பாரு. நிக்கக் கூடாத இடத்துல நின்னுச்சுன்னா அது மீன்.” அப்புறம் பார்த்தேன். இறங்கிக்கொண்டிருந்த நரம்பு பாதியில் நின்றது. நான் போடாத பக்கமாக, ஒரு முழம் அளவுக்கு, சத்தமில்லாமல் நகர்ந்தது. தூக்கினேன், மீன் இருந்தது.

நரம்பைப் பார்க்க வேண்டும் என்றால் நரம்பு தெரிய வேண்டும். அதனால் ரீலில் 10 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னிய நரம்பு), பளிச்சென்ற மஞ்சள் நிறம். அதன் முனையில் இரண்டு பாகம் (கைகளை விரித்த அகலம் ஒரு பாகம்) நீளத்துக்கு 8 பவுண்டு ஃபுளோரோகார்பன் லீடர், அதாவது முள்ளைக் கட்டும் முனை நரம்பு. பிரெய்டு இழுத்தால் நீளாது, தூரத்தில் நடக்கும் சின்ன அசைவும் வந்துவிடும், ஆனால் தண்ணீரில் மிதக்கும், மீன் கண்ணுக்கும் தெரியும். ஃபுளோரோகார்பன் மூழ்கும். நைலானை விட அதன் ஒளிவிலகல் எண் தண்ணீருக்கு நெருக்கம் என்பதால் உள்ளே அதிகம் பளபளக்காது. இரண்டையும் இணைக்க எஃப்ஜி முடிச்சு போட்டால் கம்பு வளையங்களில் தட்டாமல் போகும். கைக்கு வராதவர்கள் டபுள் யூனி போடலாம், நான் ஆறு மாதம் அதில்தான் ஓட்டினேன். முள்ளுக்கு பாலோமர். எந்த முடிச்சாக இருந்தாலும் எச்சில் தொட்டு ஈரமாக்கி, மெதுவாக இறுக்குங்கள். காய்ந்த ஃபுளோரோகார்பனைச் சரக்கென்று இழுத்தால் உரசிய சூட்டில் முடிச்சுக்கு மேல் சுருள் சுருளாக ஆகிவிடும். விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தால் அந்தச் சொரசொரப்பு தெரியும். அப்படித் தெரிந்தால் தயங்காமல் வெட்டி மறுபடி போடுங்கள். நல்ல மீன் அந்த இடத்தில்தான் அறுத்துக்கொண்டு போகும்.

கம்பு விஷயத்தில் நான் தப்பு செய்தேன். கையில் இருந்த கனமான பெய்ட்காஸ்டிங் கம்பிலேயே இதைக் கட்டி வீசினேன். கனமான ஈயத்துக்கென்று செய்த விறைப்பான கம்பு, இந்த 10 கிராமுக்கு வளையவே இல்லை. வளைய வேண்டும் என்று வேகமாக வீசினால் புழு முள்ளிலிருந்து கிழிந்து தனியாகப் பறந்தது, ரீலில் நரம்பு கூடு கட்டியது. ஒரு சாயங்காலம் முழுக்க சிக்கெடுத்ததுதான் மிச்சம். இப்போது வைத்திருப்பது 7 அடி ஸ்பின்னிங் கம்பு, மீடியம் பவர், ஃபாஸ்ட் ஆக்ஷன். அதாவது நுனி வளையும், அடிப்பாகம் தாங்கும். 2500 அளவு ரீல். இதைவிட விலை கூடிய எதுவும் இந்தப் புழுவுக்குத் தேவைப்படவில்லை.

ஸ்பின்னிங் ரீலில் ஒரு பழக்கம் மட்டும் வேண்டும். வீசியதும் பெயில் கம்பியை (நரம்பை ரீலில் சுற்றும் வளைகம்பி) கையால் மூடி, நரம்பை ஒருமுறை இழுத்துத் தளர்ச்சியை எடுத்துவிடுங்கள். கைப்பிடியைச் சுற்றி மூடினால் ஒவ்வொரு வீச்சுக்கும் கொஞ்சம் முறுக்கு சேரும். வாக்கி ரிக்கில் கட்டிய புழுவை வேகமாகச் சுற்றி எடுத்தாலும் அது தண்ணீரில் பம்பரமாகச் சுழன்று நரம்பை முறுக்கிவிடும். அதனால் நிதானமாகச் சுற்றுங்கள்.

முள்ளுக்கு வருகிறேன். திறந்த தண்ணீரிலும் படகுத்துறைக் கால்களுக்கு நடுவிலும் வாக்கி ரிக், 1/0 அளவு முள். புழுவின் நடுவில் ஒரு சின்ன ரப்பர் ஓ-ரிங் மாட்டி அதற்குள் முள்ளை விட்டால் ஒரு புழு மூன்று நான்கு மீனுக்குத் தாங்கும். நேரடியாகக் குத்தினால் ஒரு மீனுக்கே பாதி கிழிந்துவிடும். அல்லி இலை, கோரை, பாசி என்று வந்துவிட்டால் டெக்சஸ் ரிக்: 3/0 அல்லது 4/0 வளைமுள்ளைத் தலையில் குத்தி, சுழற்றி, முனையைப் புழுவுக்குள்ளேயே மறைத்துவிட வேண்டும். இப்படிக் கட்டினால் இலை மேல் விழுந்து, சறுக்கி, இடுக்கில் இறங்கும். அந்த இடுக்கில்தான் நல்ல மீன் நிற்கும்.

இரண்டுக்கும் தூக்குகிற விதம் வேறு. டெக்சஸில் முள் புழுவைக் கிழித்து வெளியே வர வேண்டும், அதனால் ஓங்கித்தான் இழுக்க வேண்டும். வாக்கியில் முள் திறந்தே இருக்கிறது. தளர்ச்சியைச் சுற்றி எடுத்து, கம்பை அழுத்தமாகத் தூக்கினாலே போதும். முக்கியமாக, தாமதிக்கக் கூடாது. நன்றாக முழுங்கட்டும் என்று ஒருமுறை மூன்று நான்கு நொடி விட்டேன். முள் தொண்டையில் இறங்கியிருந்தது, செவுளில் ரத்தம். முள்ளுக்கு நெருக்கமாக நரம்பை வெட்டி, தண்ணீரில் பிடித்து நிறுத்தி, அது தானாக வாலடிக்கும் வரை வைத்திருந்து விட்டேன். பிழைத்ததா என்று தெரியாது, இன்றைக்கும் அது உறுத்துகிறது. அதிலிருந்து முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிட்டுத்தான் கட்டுகிறேன்.

நிறத்தில் ரொம்ப யோசிக்க வேண்டாம். தெளிந்த தண்ணீருக்கு கிரீன் பம்ப்கின், கலங்கலுக்கு கறுப்பும் நீலமும் கலந்தது. மற்ற பாக்கெட்டுகள் கடையில் அழகாக இருக்கின்றன, அவ்வளவுதான்.

குறை என்றால் இருக்கிறது. காற்று அடிக்கும் நாளில் நரம்பு வில்லாக வளைந்துவிடும், புழு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அப்போது ஒரு முனையில் சின்ன ஆணி ஈயம் செருகி நெக்கோ ரிக்காக்கிப் பார்த்தேன், பரவாயில்லை. இன்னொன்று, இது மீன் எங்கே இருக்கிறது என்று தேடப் போடுகிற இரை இல்லை. தெரியாத ஏரியில் இதை வைத்துக்கொண்டு அங்குலம் அங்குலமாகத் துழாவினால் நாள் போய்விடும். ஸ்பின்னர்பெய்ட்டோ கிராங்க்பெய்ட்டோ போட்டு வேகமாகச் சுற்றித் தேடுங்கள். மீன் பின்னாலேயே வந்து கடிக்காமல் திரும்புகிற இடம் கண்டால், அங்கே இந்தப் புழுவைப் போடுங்கள். தண்ணீர் 15 டிகிரிக்கு மேல் ஏறி, மீன் முட்டையிடக் கரைக்கு வருகிற காலத்தில்தான் எனக்கு இது அதிகம் கொடுத்தது. குட்டி காக்கும் மீனைத் தூக்கினால் மட்டும் அதே இடத்தில் சீக்கிரம் விட்டுவிடுங்கள், அது இல்லாத நேரத்தில் மற்ற மீன்கள் குஞ்சுகளைக் காலி செய்துவிடும்.

பெரிய மீன் வருமா என்று பலர் கேட்கிறார்கள். 1932-ல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் லார்ஜ்மவுத் பாஸும், 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிடா பிடித்து அதைச் சமன் செய்த மீனும் உலக சாதனையாக நிற்கின்றன. குரிடா போட்டது உயிருள்ள புளூகில் மீன். அந்த மாதிரி ராட்சதத்துக்கு ஆசைப்பட்டால் இரையும் அதற்கேற்ற அளவில் வேண்டும். எனக்கு இந்தப் புழுவில் வந்த பெரியது இரண்டரைக் கிலோ. வெயில் ஏறி, வேறு எதையும் தொடாத மதியம் அது வந்தது. எனக்கு அதுவே பெரிய விஷயம்.

வைத்துக்கொள்ளும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். வேறொரு வகை மென் இரையோடு இதை ஒரே பெட்டியில் போட்டு வைத்தேன். இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் இரண்டும் உருகி ஒட்டி, பிசின் மாதிரி கையில் இழுபட்டது. பக்கத்தில் கிடந்த கிராங்க்பெய்ட்டின் பெயின்டும் கரைந்திருந்தது. இப்போது ஒவ்வொன்றும் அது வந்த பாக்கெட்டிலேயே இருக்கிறது. கிழிந்த புழுக்களைத் தண்ணீரில் போடாமல் ஒரு காலி டப்பாவில் சேர்க்கிறேன். மீன் அதை முழுங்கினால் செரிக்காது, வயிற்றிலேயே கிடக்கும்.

கடையில் எடுக்கும்போது பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், புழு நேராகப் படுத்திருக்க வேண்டும். மடங்கி வளைந்தது சரியாகத் துடிக்காது, இழுக்கும்போது சுழலும். வளைந்ததை ஏற்கனவே வாங்கியிருந்தால் வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்து, தட்டையான தட்டில் நேராக நீட்டி ஆறவிடுங்கள். பழையபடி ஆகிவிடும்.