டஞ்சன் டைல் செய்ய ஐசோபோர்ட்: கூரைப் பலகை ஆட்ட மேசைக்கு ஏறுமா?

டர்பன் பக்கம் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை ஆட்டத்தை நடத்துகிறவர்கள், மேசையில் அடுக்கும் டஞ்சன் டைல்களாகக் கல் தளமும் இடிந்த மண்டபமும் செய்ய முதலில் தேடிப் போவது கைவினைக் கடையை. ஹார்ட்வேர் கடைக்குப் போங்கள். வீட்டுக் கூரைக்கு அடியில் வெப்பம் தடுக்கப் பதிக்கும் ஐசோபோர்ட், எக்ஸ்பிஎஸ் (அழுத்திப் பிழிந்த பாலிஸ்டைரீன் ஃபோம்) வகைப் பலகை. ஃப்ரிட்ஜ் பெட்டியோடு வரும் வெள்ளைத் தெர்மாகோல் போல மணிமணியாக உதிராது. பால்பாயிண்ட் பேனாவை அழுத்தி இழுத்தால் விழும் பள்ளம் அப்படியே நிற்கும். கல் தளத்துக்கு வேண்டிய குணம் அதுதான்.

ஆனால் வாங்கி வந்ததும் வெட்டி வண்ணம் பூசிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். பலகை 600 மிமீ அகலம். நீளவாக்கு விளிம்புகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள நாக்கும் பள்ளமுமாக இருக்கும். அவற்றைச் சீவினால் 575 மிமீ நிற்கும், அதாவது ஆட்டத்தில் ஒரு பாத்திரம் நிற்கும் 25 மிமீ கட்டம் 23. மேலும் கீழும் வழுவழுப்பான தோல் உண்டு. அதன்மேல் போட்ட கோடு சீராக விழாமல் விளிம்பு கிழியும், தண்ணீர் வண்ணமும் திரண்டு உருளும். இரண்டு பக்கமும் சுமார் 1 மிமீ தோலை எடுத்தே ஆக வேண்டும். பலகையின் 25 மிமீ கனம் தளத்துக்கு மிக அதிகம். டைலின் மேல் ஏறிய மினியேச்சர் (பாத்திரத்தைக் குறிக்கும் சிறு பொம்மை) மேசையில் நிற்பதைவிட ஓர் ஆள் உயரம் மேலே நிற்கும். 7 மிமீ போதும். தோல் போக ஒரு பலகையில் மூன்று அடுக்கு கிடைக்கும்.

ஆகவே பலகையின் தரத்தைவிட வெட்டும் கருவிதான் பலனைத் தீர்மானிக்கிறது. கத்தியால் 7 மிமீ அடுக்கு நேராக வராது. சூடான கம்பி வெட்டி வேண்டும். ப்ராக்ஸான் தெர்மோகட் மேசை இந்த வேலைக்குப் பொருத்தமானது. கம்பிக்கும் மேசைக்கும் இடையே உயரம் 140 மிமீ என்பதால், பலகையை முதலில் 100 மிமீ பட்டைகளாக நறுக்குங்கள். பட்டையை நிமிர்த்தி நிறுத்தி, தடுப்புக் கட்டையைக் கம்பியிலிருந்து 7 மிமீ தள்ளி வைத்துத் தள்ளினால் நான்கு கட்ட அகலமுள்ள அடுக்கு நேராக வரும். ஐரோப்பிய இரண்டு முள் பிளக்கோடு வந்தால் நம் மூன்று முள் சாக்கெட்டுக்கு அடாப்டரும் தேவை.

தள்ளும் வேகத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அவசரப்பட்டால் கம்பி பின்னால் வளைந்து, அடுக்கின் நடுப்பகுதி கனம் மாறி வரும். வெட்டிய முகத்தில் நூல் நூலாக இழை தொங்கினால் சூடு அதிகம். கம்பி இழுபட்டு நின்றால் சூடு குறைவு. சூடேறும்போது கம்பி நீளும், அதனால் சூடான பிறகு இழுவிசையைச் சரிபாருங்கள். புகை நல்லதல்ல. கராஜ் கதவைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

25 மிமீ கட்டமா, 25.4 மிமீ அங்குலமா என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். நம் டேப்பில் 25 எளிது, ஆனால் கடையில் வாங்கும் அச்சிட்ட வரைபடம் அங்குலக் கணக்கு. பத்துக் கட்டத்துக்கு 4 மிமீ வித்தியாசம் வந்து, இரண்டையும் சேர்த்து வைத்தால் சுவர் வரிசை பிசகும். முழுக்க டைலிலேயே ஆடுவதானால் 25 போதும்.

எவ்வளவு வேண்டும்? 600 மிமீ நீளத்துக்கு ஒரு துண்டு வாங்கினாலே, மூன்று அடுக்கும் சேர்த்து 4×4 கட்ட டைல் தொண்ணூறு வரும், மீதிப் பட்டைகள் தாழ்வாரத்துக்கு. ஓர் இரவு ஆட்டத்துக்கு அதில் கால்வாசிகூட மேசைக்கு வராது. முழுக் கட்டு வாங்காதீர்கள். கூரை வேலை செய்கிறவரிடம் கழிவுத் துண்டு கேளுங்கள். சுவரையும் அதிகம் செய்யாதீர்கள். 50 மிமீ சுவர் படத்தில் அழகுதான். மேசையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்தால் எதிர்ப்பக்கத்தவருக்கு மினியேச்சர் தெரியாது, கையும் உள்ளே போகாது. 10 மிமீ உயர விளிம்புக்கல் போதும். மவுண்ட் எட்ஜ்கூம் கோயில் பாணியில் இடிந்த மண்டபம் வேண்டுமானால் நான்கு மூலைத் தூண்கள் மட்டும் வைத்து நடுவைத் திறந்து விடுங்கள்.

கோடு கீறிய பிறகு, கசக்கி உருட்டிய அலுமினியத் தாளை மேலே அழுத்தி உருட்டினால் கல்லின் சொரசொரப்பு வரும். அடிப்பூச்சுக்குக் கறுப்பு அக்ரிலிக் வண்ணமும் பாட்ஜும் (கைவினைக்கான பசை கலந்த பூச்சு) சமபங்கு. ஸ்ப்ரே கேனை இதற்குமுன் தொடவே கூடாது: அதிலுள்ள கரைப்பான் பாலிஸ்டைரீனைத் தின்று டைலைக் குழியாக்கும். அதன்மேல் சாம்பல் நிறத்தைக் கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையால் மேடுகளில் மட்டும் தேயுங்கள், பிறகு இன்னும் வெளிறிய சாம்பல். கடைசியில் பழுப்பு வண்ணம் ஒரு பங்குக்குத் தண்ணீர் எட்டுப் பங்கு, ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு. சோப்பு இல்லாவிட்டால் நீர் பள்ளத்தில் இறங்காமல் மேலேயே குட்டை கட்டும்.

மெல்லிய டைல் ஒரு பக்கம் மட்டும் பூசினால் காயும்போது மேல்நோக்கிச் சுருளும். அடிப்பக்கமும் ஒரு கோட் பாட்ஜ் பூசுங்கள். இழுப்பறையில் விரிக்கும் வழுக்காத ரப்பர் வலையை அடியில் ஒட்டினால் பகடை மோதினாலும் நகராது. இரண்டு ஃபோம் துண்டுகளைச் சேர்க்கக் கோல்டு க்ளூ (மர வேலைக்கான வெள்ளைப் பசை) பயன்படும், ஆனால் நீர் வெளியேற வழியில்லாததால் டர்பன் ஈரக்காற்றில் மறுநாளும் நடுவில் பச்சையாகவே இருக்கும். பல்குச்சி செருகிப் பிடிக்க வைத்து இரண்டு நாள் விடுங்கள். அவசரமென்றால் குறைந்த சூட்டு க்ளூ கன். அதிக சூட்டு கன் பலகையையே உருக்கும்.

மாதத்துக்கு ஒருமுறை ஆடுகிறவருக்கு இவ்வளவு வேலை அதிகம். கட்டம் போட்ட வினைல் விரிப்பும் மார்க்கரும் போதும். வாரா வாரம் ஒரே குழுவுக்கு நீண்ட கதை நடத்துகிறவருக்கு, கம்பி வெட்டியை இரவல் வாங்க முடிந்தால், ஐசோபோர்ட்டைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். செய்த டைலை ஜனவரி வெயிலில் கார் டிக்கியில் விட்டுவிடாதீர்கள். க்ளூ கன் பசை இளகித் தூண்கள் சாயும்.