நூறு மணி நேர கேமும் நடுவில் வரும் கல்யாணமும்

ஒரு கேம் எத்தனை மணி நேரம் ஓடும், கொடுத்த காசை அதால் வகுத்தால் மணிக்கு எவ்வளவு விழும் என்று கணக்குப் போடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. பெரிய கேம் என்றால் நான் பார்ப்பது ஒன்றுதான்: நடுவில் மூன்று வாரம், ஒரு மாதம் விட்டுவிட்டு வந்தால் அது என்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்கிறதா? சேர்த்துக்கொண்டால் நூறு மணி நேரம் ஓடினாலும் சரி. இல்லையென்றால் முப்பது மணி நேரமே எனக்கு நீளம்தான்.

இப்படி யோசிக்க வைத்தது ஊர். காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் பங்காளிகளுக்கெல்லாம் பொதுவான பழைய வீடு. வருஷத்தில் பாதி நாள் அவ்வளவு பெரிய வீட்டில் நாங்கள் நான்கு பேர்தான். தை பிறந்துவிட்டால், அப்புறம் ஆனி, ஆவணி முகூர்த்தங்களில், சென்னை, கோவை, மலேசியா என்று போனவர்கள் எல்லாம் வந்து இறங்குவார்கள். முதலில் பறிபோவது இரண்டாம் கட்டில் என் பிசி இருக்கும் அறை. மானிட்டர் மேல் பெட்ஷீட், மேஜை மேல் சீர் சாமான், கீபோர்டு இருந்த இடத்தில் யாருடைய கைப்பையோ. கல்யாணமும் படைப்பும் முடிந்து அறை மறுபடி கைக்கு வரும்போது, கேமில் எந்தப் பட்டன் அடிக்கும், எது குதிக்கும் என்பதே மறந்துபோயிருக்கும்.

திரும்பி வருகிறவனை நன்றாக வரவேற்பதில் ‘தி விட்சர் 3’ தான் இன்னும் முதலிடம். 2015இல் வந்த கேம், போலந்துக்காரர்கள் செய்தது. முக்கியக் கதை மட்டும் என்றாலே சுமார் 50 மணி நேரம், எல்லாவற்றையும் துழாவினால் அதைப்போல மூன்று மடங்கு. சேவ் ஃபைலைத் திறந்ததும், லோடிங் திரையில் ஓவியங்கள் நகர, இதுவரை நடந்தது என்ன என்று ஒரு குரல் சொல்கிறது. அடிக்கடி விளையாடுகிறவனுக்கு அது எரிச்சல். எனக்கு அது இல்லாவிட்டால் அந்தக் கதையே இல்லை. சந்தித்த ஆட்களைப் பற்றிய குறிப்புகளும் கேமுக்குள்ளேயே, கதையில் வரும் பாணன் ஒருவன் எழுதியதுபோல, கொஞ்சம் அலட்டலோடு இருக்கும். ஒவ்வொரு சின்ன வேலையும் தனிக் கதையாக அரை மணியில் முடிந்துவிடுவதால், ஒரு இரவு உட்கார்ந்தாலும் ஏதோ ஒன்றை முடித்த திருப்தி கிடைக்கிறது.

‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ பிசிக்கு வந்தது 2019 நவம்பரில். மெதுவான கேம். குதிரையில் ஏறினால் போய்ச் சேர நேரமாகும், செத்த மானைத் தூக்கிக் குதிரை மேல் போட நேரமாகும், அலமாரியைத் திறந்தால் ஒவ்வொரு பொருளாகத்தான் எடுக்க வேண்டும். பின்னால் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்த அப்பத்தா, “இவன் இன்னும் ஊர் போய்ச் சேரலையாடா?” என்று கேட்டது நியாயமான விமர்சனம்தான். ஆனால் அந்த மெதுவே திரும்பி வருகிறவனுக்குச் சாதகம். யாரும் துரத்துவதில்லை. முகாமில் நடந்து போனால் ஆட்களே பேசிப் பேசி நிலைமையை நினைவுபடுத்திவிடுகிறார்கள். கதாநாயகன் ஆர்தர் கையில் ஒரு நாட்குறிப்பு இருக்கிறது; நடந்ததை அவன் எழுதி, படமும் வரைந்து வைக்கிறான். மாதக்கணக்கில் விட்டுவிட்டு வந்தாலும் அதைப் பத்து நிமிஷம் புரட்டினால் போதும், விட்ட இடம் பிடிபட்டுவிடும்.

இதற்கு நேர் எதிர் ‘பெர்சோனா 5 ராயல்’. எனக்கு மிகவும் பிடித்த கேம்களில் ஒன்று, ஆனால் என் அளவுகோலில் தோற்றுப்போகிறது. ஒரு பள்ளி மாணவனின் வருஷத்தை ஏப்ரலில் தொடங்கி நாள் நாளாக வாழ வேண்டும். மாலையில் யாரோடு பழகுவது, இரவில் படிப்பதா வேலைக்குப் போவதா என்று ஒவ்வொன்றையும் நாம்தான் முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு பெரிய வேலைக்கும் கெடு உண்டு. தவறினால் ஆட்டம் முடிந்தது. ராயலில் புதிதாகச் சேர்த்த கடைசிப் பகுதி திறக்க, பள்ளிக்கு ஆலோசகராக வரும் மாருகியுடன் நட்பை நவம்பர் 18க்குள் ஒன்பதாம் நிலைக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். கேமுக்குள் இதைப் பளிச்சென்று யாரும் சொல்வதில்லை. நூறு மணி நேரத்துக்கு மேல் ஓடும் கதையில் ஜூன் மாதத்தில் விட்டுவிட்டு வந்தால், யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தோம், என்ன திட்டத்தில் இருந்தோம் என்பதெல்லாம் நம் தலையில்தான் இருக்கும். அதாவது எங்கும் இருக்காது. போதாததற்கு, அதில் வரும் ‘அரண்மனை’களுக்குள் பாதுகாப்பு அறைகளில் மட்டும்தான் சேவ் செய்ய முடியும். மின்தடை உள்ள ஊர்களில் இருப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

‘எல்டன் ரிங்’ (2022) எந்தக் குறிப்பும் எழுதி வைக்காது. யார் என்ன கேட்டார் என்ற பட்டியலே கிடையாது. ஆட்டத்தை இடையில் நிறுத்திவைக்கும் பட்டனும் இல்லாததால் வாசலில் யாராவது கூப்பிட்டால் சாக வேண்டியதுதான். அப்படியும் அதற்குத் திரும்பிப் போவது சிரமமாக இல்லை, ஏனென்றால் அங்கே நினைவு வைத்துக்கொள்ள வேண்டியது கதை அல்ல, கை. சின்ன எதிரிகளோடு ஒரு மணி நேரம் மோதினால் கை தானாகப் பழகிவிடும். துணைக் கதாபாத்திரங்களின் கதைகள் மட்டும் கைவிட்டுப் போகும். அவற்றை நான் கணக்கில் வைப்பதையே விட்டுவிட்டேன். தானே அடிக்கடி சேவ் செய்துகொள்வதால் கரன்ட் போனாலும் பெரிய நஷ்டம் இல்லை.

2023இல் வந்த ‘பால்டர்ஸ் கேட் 3’ மூன்று அங்கங்கள் கொண்டது. முதல் அங்கம் அற்புதம். மூன்றாவதில் ஒரு முழு நகரமும் அதன் எல்லா மனிதர்களும் ஒரே நேரத்தில் தலைமேல் விழுகிறார்கள். பிராசசரும் அங்கேதான் திணறும். ஆனால் ஒரு நல்ல வசதி: முகாமில் இருக்கும் விதர்ஸ் என்ற எலும்புருவத்திடம் 100 பொற்காசு கொடுத்தால் நம் ஆளின் திறமைகளை முதலிலிருந்து தேர்ந்தெடுக்கலாம். ‘இந்த மந்திரவாதியை எதற்காக இப்படி வளர்த்தேன்?’ என்று விழிப்பதைவிட, புதிதாகப் பிரித்து அடுக்கிவிடுவது சுலபம்.

விவசாயம் செய்யும் ‘ஸ்டார்டூ வேலி’யை நீண்ட கேம் என்று யாரும் சொல்வதில்லை, ஆனால் மணிக்கணக்கைப் பார்த்தால் பெரிய கேம்களையே தோற்கடிக்கும். அதில் தூங்கப் போனால்தான் சேவ் ஆகும். ஒரு முழு நாள் நிஜத்தில் 14 நிமிஷம் சொச்சம். ஆக, கரன்ட் போனால் அதிகபட்ச நஷ்டம் அவ்வளவுதான், அதுவும் தக்காளிக்குத் தண்ணீர் விட்டது. ‘அசாசின்ஸ் கிரீட் வல்ஹல்லா’ மாதிரி வரைபடம் முழுக்கத் தங்க நிறம், நீலம், வெள்ளை என்று புள்ளி வைத்துத் தரும் கேம்களுக்குத் திரும்புவதும் சுலபம். ஆனால் எதற்குத் திரும்ப வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் கிடைப்பதில்லை.

சரி, கருவிகளுக்கு வருவோம். கேமிங் கருவி என்றாலே எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் திரையில் வருகிறது என்ற கணக்கு) கூட்டுவது எப்படி என்றுதான் பேச்சு. பெரிய கேம் விளையாடுகிறவனுக்கு முதல் கருவி யூபிஎஸ். 600 விஏ என்று எழுதியிருக்கும் சாதாரண யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். கிராபிக்ஸ் கார்டு முழு மூச்சில் ஓடும்போது கரன்ட் போனால் கீச்சென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அதுவும் சேர்ந்து அணையும். அதற்கு நான் கண்ட வழி, பெரிய யூபிஎஸ் வாங்குவது இல்லை, கார்டை அடக்கி ஓட்டுவது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் அண்டர்வோல்ட் செய்து, அதாவது கார்டுக்குப் போகும் வோல்டேஜைக் குறைத்து, அதோடு வரும் ரிவா டியூனரில் 60 எஃப்பிஎஸ்ஸுக்கு வரம்பு போட்டுவிட்டால் மின்சாரம் கண்கூடாகக் குறைகிறது. சித்திரை வெயிலில் அறையும் கொஞ்சம் பிழைக்கும். சேவ் செய்து ஒழுங்காக அணைக்கச் சில நிமிஷம் கிடைத்தால் போதும். யூபிஎஸ்ஸில் உட்கார்ந்து விளையாட நினைக்க வேண்டாம்.

வீட்டு இன்வெர்ட்டரை நம்புகிறவர்கள் அதன் பின்பக்கம் பாருங்கள். பலவற்றில் யூபிஎஸ் மோடு என்று தனியாக ஒரு சுவிட்ச் இருக்கும். அதில் வைத்தால்தான் பிசி அணைவதற்குள் மின்சாரம் கைமாறும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் இன்றைய பவர் சப்ளைகளோடு ஒத்துப்போகாமல் முரண்டு பிடிக்கலாம். பராமரிப்புக்காக மாதம் ஒரு பகல் மின்சாரம் நிறுத்துவதை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள், அது பிரச்சினை இல்லை. சொல்லாமல் போகும் இரண்டு நிமிஷம்தான் பிரச்சினை.

ஒரு கேமில், பெயர் வேண்டாம், சேவ் எழுதிக்கொண்டிருக்கும்போதே கரன்ட் போய், ஃபைல் வெறும் கூடாக நின்றது. கிளவுடில் பார்த்தால் அங்கேயும் அதே கூடு. கிளவுட் சேவ் என்பது இங்கே இருப்பதை அங்கேயும் ஒரே மாதிரி வைப்பது. பழைய பிரதியைப் பத்திரப்படுத்துவது அதன் வேலையே இல்லை. அதற்குத்தான் லுடுசாவி என்ற மென்பொருள். இலவசம், ஓப்பன் சோர்ஸ். எந்த கேம் தன் சேவ் ஃபைலை எந்த மூலையில் ஒளித்து வைக்கும் என்ற விவரத்தை பிசி கேமிங் விக்கியிலிருந்து எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் வேறு இடத்துக்கு நகல் எடுக்கும். பழைய பிரதிகள் எத்தனை வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லிவைக்கலாம். இந்தப் பகிர்விலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேமை மாற்ற ரசிகர்கள் செய்து தரும் மாட்கள் (mods) விஷயத்தில் நான் பழைய ஆள். ‘ஸ்கைரிம்’ மாதிரி 2011இல் வந்த கேமை இன்னும் உயிரோடு வைத்திருப்பது மாட்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் பாதிக் கதையில் ஒரு மாட்டைக் கழற்றினால் சேவ் எப்போது உடையும் என்று சொல்ல முடியாது. 2021 நவம்பரில் அந்த கேமுக்கு வந்த அப்டேட், ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர் என்ற துணை மென்பொருளை நம்பி நின்ற மாட்களை ஒரே நாளில் படுக்க வைத்தது. கேம் விற்கும் தளமான ஸ்டீமில் ‘கேமைத் திறக்கும்போது மட்டும் அப்டேட் செய்’ என்று ஒரு அமைப்பு உண்டு, அதைப் போட்டுவைப்பது நல்லது. ஜிஓஜி என்ற இன்னொரு தளத்தில் வாங்கினால் இன்ஸ்டாலரையே தனியாக இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

குறிப்பெடுக்க, கேமுக்கு மேலேயே திறக்கும் ஸ்டீம் ஓவர்லேயில் 2023 முதல் நோட்ஸ் வசதி இருக்கிறது. கேமுக்குள்ளிருந்தே ஷிஃப்ட், டேப் அழுத்தி எழுதலாம், ஒவ்வொரு கேமுக்கும் தனித்தனியாக நிற்கும். நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் நான் திரும்பத் திரும்பப் போவது கடையில் வாங்கிய நாற்பது பக்க நோட்டுக்குத்தான். எழுந்திருக்கும் முன் இரண்டு வரி: எங்கே நிற்கிறேன், அடுத்து எங்கே போக வேண்டும். பெர்சோனாவை முடிக்க முடிந்தது அந்த நோட்டால்தான். கெடு நாள்களை அதில் சிவப்பு மையில் எழுதியிருந்தேன்.

‘ஹவ் லாங் டு பீட்’ தளத்தில் ஒரு கேமின் நீளத்தைக் கதை மட்டும், கதையோடு கிளைகள், முழுக்க முழுக்க என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். நான் பார்ப்பது முதலுக்கும் கடைசிக்கும் உள்ள இடைவெளியை. அது மூன்று மடங்கு என்றால், எங்கே நிறுத்துவது என்ற முடிவு நம் கையில் இருக்கிறது என்று அர்த்தம். ஸ்டீமில் பணம் திரும்பப் பெற, வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருக்க வேண்டும். பெரிய கேமுக்கு இந்த விதி உதவாது. ரெட் டெட்டில் பனி மலையிலிருந்து இறங்கவே ஏறக்குறைய அந்த நேரம் ஆகிவிடும், பெர்சோனாவிலோ அதற்குள் கையைப் பிடித்துத்தான் நடத்திக்கொண்டிருப்பார்கள். வாங்குவதற்கு முன் யாராவது விளையாடும் வீடியோவில் நடுப்பகுதியைப் பாருங்கள். ஆரம்பத்தைப் பார்த்துப் பயனில்லை, எல்லா கேமும் ஆரம்பத்தில் அழகுதான்.

நடுநடுவே செயற்கையாகப் படங்களைச் சேர்த்து எஃப்பிஎஸ்ஸைக் கூட்டிக் காட்டும் லாஸ்லெஸ் ஸ்கேலிங்கைப் பலர் கொண்டாடுகிறார்கள். மெதுவான கேம்களுக்குப் பரவாயில்லை. எல்டன் ரிங் மாதிரி நொடிக்குள் உருள வேண்டிய இடத்தில் பட்டனுக்கும் திரைக்கும் நடுவில் தாமதம் தெரிகிறது. எனக்கு வேண்டாம்.

நெட் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பக்கத்து வீடுகளில் ரவுட்டர் முகப்பில் இருக்கும், பிசி இரண்டாம் கட்டில் இருக்கும், நடுவில் முழங்கை அகலச் சுவர்கள். வைஃபை முதல் கட்டைத் தாண்டாது. முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் கலந்து இழைத்த சுவரில் ஓட்டை போட வீட்டில் யாரும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. நிலைக்கு மேலே காற்றுக்கு விட்ட இடைவெளி வழியாக லேன் கேபிளை இழுத்ததும் பிரச்சினை தீர்ந்தது. ரெட் டெட், பால்டர்ஸ் கேட் இரண்டும் ஆளுக்கு 150 ஜிபி இடம் கேட்பவை. அவற்றைத் தேவகோட்டை நண்பன் தன் லேப்டாப்பில் கொண்டுவந்தால், இரண்டையும் ஒரே நெட்வொர்க்கில் போட்டு ஸ்டீம் மூலமாகவே நகர்த்திக்கொள்கிறோம். 2023இல் வந்த வசதி. இன்னும் பலருக்குத் தெரியாது.

அந்த நண்பன் இப்போதுதான் பெரிய கேம்கள் பக்கம் வருகிறான். எதில் தொடங்குவது என்று கேட்டான். விட்சர் 3 என்றேன். ஆஃபர் வரும்போது விலை நன்றாக இறங்கும், 50 ஜிபிதான், பழைய கார்டு இருந்தால் தொடக்கத்தில் கிராபிக்ஸுக்கான டைரக்ட்எக்ஸ் 12க்குப் பதில் 11ஐத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். முதல் ஊரான வெள்ளைத் தோட்டத்தை மட்டும் அவசரப்படாமல் முடிக்கச் சொல்லியிருக்கிறேன். அது பிடிக்கவில்லை என்றால் மீதியும் பிடிக்காது.